பார்த்ததை எழுதும் கருவி, படிக்காமல் போடும் கையெழுத்து
பழைய பைத்தான் நிரல்களைப் பராமரிக்கும் அணியினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அணியினருக்கு,

வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு ஒரு புல் ரிக்வெஸ்ட் வருகிறது. தலைப்பு, ‘டைப் ஹின்ட் சேர்த்தாயிற்று’. மாறியிருக்கும் கோப்புகள் நூற்றுக்கணக்கில், வரிகள் ஆயிரக்கணக்கில். அனுப்பியவர் அவற்றில் ஒன்றையும் கையால் எழுதவில்லை. ஒரு கருவியை ஓட்டினார், அது எழுதித் தந்தது. பார்த்து ஒப்புதல் தர வேண்டியவர் முதல் மூன்று கோப்புகளை ஒழுங்காகப் படிக்கிறார். நான்காவதிலிருந்து மவுஸ் வேகமாக உருள்கிறது. பிறகு பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுகிறார்.

உங்களில் பலர் இந்தக் காட்சியில் அனுப்பியவராகவோ அழுத்தியவராகவோ இருந்திருப்பீர்கள். இந்த மடல் அந்தப் பச்சைப் பொத்தானைப் பற்றியது.

பைத்தானில் ஒரு மாறிக்குள் இன்ன வகை மதிப்புதான் வர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இன்று எண் இருந்த பெயரில் நாளை எழுத்துச் சரத்தைப் போடலாம். இருநூறு வரியில் ஒரு வேலையை முடிக்க நினைப்பவருக்கு இது வரம். பத்து வருடம் பழசான, எழுதியவர்களெல்லாம் வேறு கம்பெனிக்குப் போய்விட்ட இரண்டு லட்சம் வரிகளை மேய்ப்பவருக்கு இதுவே தலைவலி. ‘கஸ்டமர்’ என்று ஒரு பாராமீட்டர் இருக்கும். உள்ளே வருவது வாடிக்கையாளரின் பெயரா, அடையாள எண்ணா, டேட்டாபேஸிலிருந்து எடுத்த முழு ஆப்ஜெக்டா? தெரிந்துகொள்ள அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும் இடங்களைத் தேடி நாலு கோப்பு தாவ வேண்டும். பக்கத்திலேயே ‘இது எண்’ என்று ஒரு குறிப்பு, அதாவது டைப் ஹின்ட், இருந்தால் அந்தத் தாவல் மிச்சம்.

2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0இலேயே இந்தக் குறிப்புக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று மட்டும் சொல்லவில்லை. காலியிடத்தை நிரப்ப வழிகாட்டியவர் யூக்கா லேஹ்டோசாலோ. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட ஆய்வையொட்டி அவர் உருவாக்கிய மைபை, ஆரம்பத்தில் பைத்தானை ஒத்த ஒரு தனி மொழி. 2013 பைகான் மாநாட்டில் அதைப் பற்றிப் பேச வந்தவரிடம், தனி மொழி வேண்டாம், பைத்தானின் இலக்கணத்துக்குள்ளேயே அடக்கிவிடுங்கள் என்று யோசனை சொன்னவர் பைத்தானை உருவாக்கிய குய்டோ வான் ரோசம். இருவரும் லூகாஷ் லாங்காவும் சேர்ந்து எழுதிய முன்மொழிவு, பெப் 484, 2015 செப்டம்பரில் பைத்தான் 3.5 வழியாக நடைமுறைக்கு வந்தது. பைத்தான் என்றும் இயங்குநிலை வகை கொண்ட மொழியாகவே இருக்கும், குறிப்பு எழுதுவதைக் கட்டாயமாக்கும் எண்ணம் இல்லை என்று அந்த ஆவணமே சொல்லிவிடுகிறது.

இதில் புதிதாக வருபவர்கள் தவறவிடும் ஒன்று உண்டு. ஓடும்போது பைத்தான் இந்தக் குறிப்புகளைச் சரிபார்ப்பதில்லை. எண் என்று எழுதிய இடத்தில் சரத்தைக் கொடுத்தாலும் அது வாயைத் திறக்காது. தப்பைப் பிடிப்பவை மைபை, பைரைட் போன்ற தனிக் கருவிகள். அவை நிரலை ஓட்டாமலே வாசிக்கின்றன, எழுதியிருக்கும் குறிப்பை அப்படியே நம்பித் தீர்ப்பு சொல்கின்றன. சாட்சி பொய் சொன்னால் தீர்ப்பும் கோணும்.

பலன் உண்டா என்றால், உண்டு. 2017இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சும் சேர்ந்து ஜாவாஸ்கிரிப்ட்டில் ஓர் ஆய்வு செய்தன. ஏற்கெனவே திருத்தப்பட்ட பொதுவெளிப் பிழைகளை எடுத்து, திருத்தத்துக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுபோய், வகைக் குறிப்புகளைச் சேர்த்து, அந்த மொழிக்கான வகைச் சரிபார்ப்பான்களான ஃப்ளோவும் டைப்ஸ்கிரிப்ட்டும் அவற்றைப் பிடித்திருக்குமா என்று பார்த்தார்கள். ஏறத்தாழ 15 சதவீதத்தைப் பிடித்திருக்கும் என்பது முடிவு. இந்த எண்ணை மேலாளர்களிடம் காட்டுபவர்கள் அதன் பின்னால் உள்ள ஒரு விவரத்தைச் சொல்வதில்லை. அந்தக் குறிப்புகளை ஆராய்ச்சியாளர்கள் நிரலைப் படித்துக் கையால் எழுதினார்கள்.

இரண்டு லட்சம் வரிக்குக் கையால் எழுத யாருக்கு நேரம் இருக்கிறது? கருவிகள் பிறந்தது இந்தக் கேள்வியிலிருந்துதான். 2017இன் கடைசியில் இரண்டு பெரிய நிறுவனங்கள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் தங்கள் கருவிகளைப் பொதுவில் வைத்தன. டிராப்பாக்ஸுடையது பைஆனோட்டேட், இன்ஸ்டாகிராமுடையது மங்கிடைப்.

மங்கிடைப் வேலை செய்யும் விதம் எளிது. நிரல் ஓடும்போது ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்பையும் கவனிக்க பைத்தானே ஒரு கொக்கி வைத்திருக்கிறது. வேகத்தை அளக்கும் புரோஃபைலர்களுக்காக வைத்தது. கருவி அதில் தொற்றிக்கொள்கிறது. எந்த ஃபங்ஷன், உள்ளே போனவை எந்த வகை, திரும்பி வந்தது எந்த வகை என்று ஒரு சிறு எஸ்க்யூலைட் கோப்பில் குறித்துக்கொண்டே போகிறது. ஓட்டம் முடிந்ததும் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டி, மூலக் கோப்பில் வகைகளைச் செருகித் தருகிறது. அதன் விளக்கக் குறிப்பில் உள்ள உதாரணமே போதும். இரண்டு மதிப்புகளைக் கூட்டும் ஒரு ஃபங்ஷன். அதற்கு 1, 2 என்று கொடுத்து ஒருமுறை ஓட்டினால், முழு எண்ணும் முழு எண்ணும் வாங்கி முழு எண்ணைத் திருப்புவது என்று கருவி எழுதுகிறது.

அந்த ஃபங்ஷன் தசம எண்ணையும் கூட்டும், இரண்டு சரங்களையும் ஒட்டும். கருவிக்கு அது தெரியாது. அது பார்த்தது ஒரே ஒரு நாள் வியாபாரம். மளிகைக் கடை பில்லில் அன்று வந்த விலைகள் 40, 55, 120 என்று முழு எண்களாக இருந்துவிட்டால், விலை முழு எண்தான் என்று எழுதிவிடும். மறுநாள் யாராவது 62.50 என்று விலை கொடுக்கும் ஒரு வரியை எழுதினால், சரியாக ஓடும் அந்த வரியைப் பார்த்து மைபை சிவப்புக் கொடி காட்டும். சலித்துப்போன யாராவது அந்த வரிக்குப் பக்கத்தில் ‘இதைக் கண்டுகொள்ளாதே’ என்று ஒரு கமென்ட் போட்டுவிட்டு நகர்வார். அப்படி நாற்பது கமென்ட் சேர்ந்த பிறகு நிஜமான தப்பு வந்தாலும் கண்ணில் படாது.

இதைவிடச் சுவையான சிக்கல் ஒன்று தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோட் துண்டுகளை அது எண்ணுகிறது. நம் கணக்கில் மூன்று எழுத்து. ஓபன் தமிழ் போன்ற லைப்ரரி அந்தச் சரத்தை த, மி, ழ் என்று பிரித்து ஒரு லிஸ்ட்டாகத் தரும், அதன் நீளம் 3. இப்போது குறுக்கெழுத்துப் புதிருக்குக் கட்டம் போடும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிரித்த லிஸ்ட்டைத்தான் கொடுக்க வேண்டும். பத்து இடங்களில் சரியாகக் கொடுக்கிறார்கள். பதினொன்றாவது இடத்தில் ஒருவர் பிரிக்க மறந்து சரத்தையே கொடுத்துவிடுகிறார். நிரல் நிற்காது, எர்ரர் வராது, கட்டம் மட்டும் ஐந்தாக விழும்.

வகைக் குறிப்பு பிடிக்க வேண்டிய தப்பு என்றால் இதுதான். இந்த நிரலின் மேல் மங்கிடைப்பை ஓட்டினால் என்ன ஆகும்? பதினோரு அழைப்புகளையும் பார்க்கும். ‘சரங்களின் லிஸ்ட், அல்லது சரம்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதும். நேற்றுவரை பிழையாக இருந்த அழைப்பு இன்று சட்டப்படி சரி. மைபை இனி அதைப் பார்த்துத் தலையாட்டும். பிழையைப் பிடிக்க வந்த கருவி பிழைக்குப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டது.

கதை இதோடு முடியவில்லை. இந்தக் குறிப்பைப் பார்க்கும் அனுபவசாலி ஒருவர், ‘லிஸ்ட் என்று இறுக்குவானேன், சரங்களின் வரிசை என்று பொதுவாகப் போடலாமே’ என்று திருத்துவார். பொதுவாக அது நல்ல பழக்கம்தான். இங்கே அதுவும் கைகொடுக்காது. பைத்தானில் ஒரு சரமே சரங்களின் வரிசை. ‘தமிழ்’ என்பது அந்த வரையறைக்குள் வசதியாக நுழைந்துவிடும். இந்த ஒரு இடத்தில் கதவைச் சாத்துவது லிஸ்ட் என்ற இறுக்கமான சொல் மட்டுமே. எதை இறுக்குவது, எதைத் தளர்த்துவது என்பது அந்த ஃபங்ஷன் எதற்காக எழுதப்பட்டது என்று தெரிந்தவருக்குத்தான் தெரியும். அந்தத் தகவல் ஓட்டத்தில் இல்லை. எழுதியவரின் தலையில் இருந்தது, அவரோ கம்பெனி மாறிப் போய்விட்டார்.

டெஸ்ட்டுகளை ஓட்டி வகை சேகரிப்பவர்களுக்கு வேறொரு வேடிக்கை காத்திருக்கும். டெஸ்ட் எழுதும்போது நிஜ டேட்டாபேஸுக்குப் பதிலாக மாக் என்ற பொம்மையை வைப்பது வழக்கம். கருவிக்கு நிஜம் எது, பொம்மை எது என்று தெரியாது. பணம் அனுப்பும் ஃபங்ஷனின் தலையில், உள்ளே வருவது மாக் என்று பயபக்தியோடு எழுதிவைக்கும். இது சிரித்துவிட்டு அழித்துவிடக்கூடிய தப்பு. அபத்தமாக இருப்பதால் யார் கண்ணிலும் பட்டுவிடும்.

கண்ணில் படாதது ‘நன்’. மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் பைத்தானின் வெற்றிடம். ஒரு ஃபங்ஷன் மின்னஞ்சல் முகவரி வாங்குகிறது. முகவரி இல்லாத பழைய வாடிக்கையாளர் வந்தால் என்ன செய்வது என்று உள்ளே இரண்டு வரி இருக்கிறது. டெஸ்ட்டில் வந்த எல்லோருக்கும் முகவரி இருந்தது. கருவி ‘சரம்’ என்று எழுதுகிறது, நன் வரலாம் என்று எழுதவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு புதியவர் மைபையை இன்னும் கண்டிப்பான அமைப்பில் ஓட்டுகிறார். அந்த இரண்டு வரிக்கு வேலையே வராது என்று அது சொல்கிறது. குறிப்பின்படி அது சரியான பேச்சு. வேலைக்காகாத வரி என்று நம்பி அவர் அழித்துவிடுகிறார். முகவரி இல்லாத வாடிக்கையாளர் ஒரு நாள் வருவார். குறிப்பே இல்லாமல் இருந்திருந்தால் அந்த இரண்டு வரிகள் பிழைத்திருக்கும்.

மங்கிடைப்பைச் செய்தவர்கள் இதையெல்லாம் அறியாதவர்கள் அல்ல. கருவி தருவது முதல் வரைவுதான், ஒரு நிரலர் பார்த்துத் திருத்த வேண்டும் என்று அவர்களே விளக்கக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். ஐந்து வகைகளுக்கு மேல் கலந்து வந்தால் கருவி பட்டியல் போடுவதைக் கைவிட்டு, ‘எனி’, அதாவது எதுவும் வரலாம் என்று எழுதிவிடும். அதுவும் ஒரு நேர்மை. இன்ஸ்டாகிராமில் டெஸ்ட்டுகளை மட்டும் நம்பாமல், நிஜமாக வரும் கோரிக்கைகளில் ஒரு சிறு பங்கைக் கவனித்தார்கள். நிஜப் போக்குவரத்தில் நன்னும் வரும், அரைகுறைத் தரவும் வரும்.

டிராப்பாக்ஸின் அனுபவம் இதற்கு எதிர்த்திசையில் போனது. 2019 செப்டம்பரில் லேஹ்டோசாலோ எழுதிய நீண்ட கட்டுரை, அங்கே 40 லட்சம் வரிப் பைத்தானை மைபையின் கீழ் கொண்டுவந்த கதையைச் சொல்கிறது. சொந்தக் கருவியான பைஆனோட்டேட் அங்கே பெரிதாகப் புழக்கத்துக்கு வரவில்லை என்று அவர் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறார். சேகரிப்பு மெதுவாக நடந்தது, கிடைத்த வகைகளைத் தேய்த்து மெருகேற்றவே நிறைய நேரம் பிடித்தது. நேரடிப் போக்குவரத்தில் வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்து, ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். கைகொடுத்தவை சலிப்பூட்டும் வேலைகள். அதிகமான கோப்புகள் இறக்குமதி செய்யும் கோப்புகளுக்கு முதலில் கையால் குறிப்பு எழுதினார்கள். ஒவ்வோர் அணிக்கும் வாராவாரம் எவ்வளவு முடிந்தது என்று மின்னஞ்சல் போனது. மைபையை வேகமாக்கினார்கள். ஓட்டாமலே வாசித்து எளிய ஃபங்ஷன்களுக்கு மட்டும் குறிப்பு எழுதும் ஒரு சிறு கருவியும் இருந்தது.

இந்தக் கடைசி வகைக் கருவிகள் நம் ஊர் அணிகளில் அதிகம் பேசப்படுவதில்லை. பேசப்பட வேண்டும். ஆட்டோடைப்பிங் அப்படி ஒன்று. எதையும் திருப்பித் தராத ஃபங்ஷனுக்கு ‘நன்’ என்று எழுதும். தவறு நேரக்கூடிய யூகங்களை ஒதுக்கிவிட்டு, நிச்சயமானவற்றை மட்டும் எழுது என்று அதற்குக் கட்டளையிடலாம். பலன் கொஞ்சம்தான். இது தரும் மாற்றங்களை விரைவாகப் பார்த்து ஒப்புதல் தருவதில் பெரிய ஆபத்தும் இல்லை.

மூன்றாவது வழி யூகம். 2015இல் சூரிக்கின் ஈடிஹெச் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஜேஎஸ்நைஸ் என்ற கருவியில், ஏராளமான பழைய நிரல்களைப் படித்துக் கற்று வகைகளைக் கணிக்கலாம் என்று காட்டினார்கள். பிறகு 2020இல் ஃபேஸ்புக் ஆராய்ச்சியாளர்கள் மற்றவர்களோடு சேர்ந்து வெளியிட்ட டைப்ரைட்டர், கணித்த வகைகளை ஒரு வகைச் சரிபார்ப்பானிடம் கொடுத்து, தேறியதை மட்டும் வைத்துக்கொண்டது. இன்று எடிட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களும் இந்த வம்சம்தான். இவை பெயரைப் பார்க்கின்றன. பாராமீட்டரின் பெயர் ‘கவுன்ட்’ என்றால் எண், ‘நேம்’ என்றால் சரம். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

‘எஸ்டிடி கோட்’ என்று ஒரு பாராமீட்டர் இருந்தால்? எண் என்று யூகிக்க எல்லா நியாயமும் இருக்கிறது. சென்னையின் கோட் 044. அதை எண்ணாக மாற்றினால் 44. குறிப்பு வெறும் குறிப்பாக இருக்கும்வரை சேதமில்லை. ஃபாஸ்ட்ஏபிஐ, பைடான்டிக் போன்றவை வந்தபின் நிலைமை வேறு. அவை ஓடும்போதே குறிப்பைப் படித்து, வந்த மதிப்பை அந்த வகைக்கு மாற்றுகின்றன. அங்கே ஒரு வகையைச் சேர்ப்பது நிரலின் நடத்தையையே மாற்றுவது. ‘டைப் ஹின்ட்தானே, ஓட்டத்தைத் தொடாது’ என்று புல் ரிக்வெஸ்ட்டின் அடியில் எழுதும் வாக்கியம் அந்தக் கோப்புகளுக்குப் பொருந்தாது.

மொத்தமாக மாற்றவே கூடாது என்பது இந்த மடலின் கட்சி அல்ல. 2022இல் ஸ்ட்ரைப் நிறுவனம் தன் 37 லட்சம் வரி ஜாவாஸ்கிரிப்ட்டை ஃப்ளோவிலிருந்து டைப்ஸ்கிரிப்ட்டுக்கு ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் மாற்றியது. அங்கே வகைகள் ஏற்கெனவே இருந்தன. ஒரு குறியீட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்த்தால் போதும். ஏர்பிஎன்பி வெளியிட்ட டிஎஸ்-மைக்ரேட் வெறும் ஜாவாஸ்கிரிப்ட்டையே மாற்றும். தெரியாத இடத்திலெல்லாம் தெரிந்த மாதிரி நடிக்காமல் ‘எனி’ என்று போட்டுவிட்டுப் போகும். மனிதர் பின்னால் வந்து ஒவ்வொன்றாக நிரப்பலாம். ‘எனி’ என்பது காலி இடம் என்று எல்லோருக்கும் தெரியும். நம் வெள்ளிக்கிழமை புல் ரிக்வெஸ்ட்டில் இருப்பதோ யோசித்து எழுதியதைப் போலத் தோற்றமளிக்கும் ஆயிரம் குறிப்புகள். எது மனிதர் எழுதியது, எது கருவி பார்த்தது என்று ஆறு மாதம் கழித்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே, உங்களிடம் சில வேண்டுகோள்கள். கருவியை ஓட்டுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஆனால் முழு ரெப்போவிலும் ஒரே நாளில் ஓட்டாதீர்கள். அதிகம் இறக்குமதி ஆகும் நாலைந்து கோப்புகளில் ஆரம்பியுங்கள். கருவி எழுதியதைத் தனி கமிட்டாக வையுங்கள், மனிதர் திருத்தியதை அடுத்த கமிட்டாக. கிட்டின் 2.23ஆம் பதிப்பிலிருந்து குறிப்பிட்ட கமிட்டுகளைப் பிளேமில் ஒதுக்கிவைக்க வசதி இருக்கிறது. முதல் கமிட்டை அதில் சேர்த்துவிட்டால் ஒரு வரியின் பழைய வரலாறு தொலையாது. திருத்த உட்காருபவர் எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். ஃபங்ஷனுக்குள் நன்னைச் சோதிக்கும் வரி இருந்தும் தலைப்பில் நன் இல்லாத இடம், ‘அல்லது’ என்று இரண்டு வகை கலந்த இடம், பணமும் அளவும் முழு எண்ணாக எழுதப்பட்ட இடம். இந்த மூன்றையும் தேடிப் பிடித்து, கூப்பிடும் இடத்தைத் திறந்து பாருங்கள். வகை கலந்த இடம் கிடைத்தால் குறிப்பைத் திருத்தும் முன் அழைப்பைச் சந்தேகியுங்கள். பாதி நேரம் தப்பு அங்கேதான் இருக்கும். ஃபாஸ்ட்ஏபிஐ, பைடான்டிக் தொடும் கோப்புகளைக் கருவியிடம் விடவே விடாதீர்கள்.

அடுத்த முறை நூறு கோப்போடு ஒரு புல் ரிக்வெஸ்ட் வந்தால், அனுப்பியவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், பத்துப் பத்தாகப் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். அது வெள்ளிக்கிழமை நாலரை மணி என்றால், திங்கட்கிழமை காலை வரை கிடக்கட்டும்.

அன்புடன்,
பழைய நிரல்களை மேய்க்கும் இன்னொருவர்